ஒளிபரப்பாகாத சாவு

பனையடிக்குளத்து ஆண்பிள்ளைகள் முதல்தடவை கூட்டமாகச் செத்துப்போன அன்றைக்கு ஊரில் ஒரு பொம்பளையும் அழவில்லை, அழத்தான் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை, ஏனென்றால் அவர்கள் செத்தது 'வெஞ்சினக் கோட்டை' என்கிற டி.வி. தொடரின் சண்டைக்காட்சியில். தண்ணீர் முகம் பார்த்து வருஷக்கணக்கான குளத்துக்குள்ளே காலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டி மகரநாட்டுக்காகக் கத்திக்கொண்டு ஓடினவர்களே, சாப்பாட்டுக்குப் பிறகு நீலத் தலைப்பாகை கட்டி அக்கினிபுரிக்காகத் திரும்பி ஓடிவந்தார்கள். அதாவது காலையில் யாரை வெட்ட ஓடினார்களோ அது சாயங்காலத்துத் தாங்களேதான். அப்படி ஓடி, ரப்பர் ஈட்டியும் அட்டைக் கத்தியும் பட்டு விழுந்தவர்கள், டைரக்டர் மதனகோபால் 'கட்' என்று கத்தினபிறகும் எழுந்திருக்கவில்லை. அடடா, என்ன ஈடுபாடு என்று யூனிட்டே நின்று கைதட்டியது. சாமான்களை ஏற்றும்போதும் எழுந்திருக்காமல் கிடந்தவர்களைக் கேடயங்களோடு சேர்த்து லாரியில் அடுக்கி, வீடு வீடாக இறக்கிவிட்டுப் போனார்கள்.

உலகம்மை தன் புருஷன் கொம்பையாவின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள், அங்கேயும் சத்தமில்லை. "என்னய்யா இது, மனுசனக் கொன்னு கொண்டாந்து போட்டிருக்கிய?" என்று லாரிக்காரனைப் பிடித்தாள். அவன், "பயப்படாதீங்கக்கா, கேரக்டர்ல இருக்காரு" என்று சொல்லி, ஒரு பிரியாணிப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தச் சண்டை டி.வி.யில் வந்தது. இளவரசன் ஏறிவந்த குதிரையின் வாலுக்குப் பின்னால், கண் இமைத்தால் தவறிவிடுகிற மாதிரி, கொம்பையா ஈட்டி வாங்கி விழுந்தான்; விழுந்த அதே நொடியில் கட்டிலில் கிடந்த கொம்பையா எழுந்து உட்கார்ந்து, "கொஞ்சம் நீச்சத்தண்ணி கொண்டா" என்றான். தெருவில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். குதிரைக்கு முன்னால் செத்தவர்கள் முதலிலும் பின்னால் செத்தவர்கள் பிறகுமாக, யானை மிதித்துச் செத்தவர்கள் விளம்பர இடைவேளை முடிந்த பிறகுமாக எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். அடுத்த வாரம் பாதிச் சண்டையில் கரண்டு போனது, அப்போதும் எழுந்தார்கள். ஊரில் ஓடாவிட்டாலும் நாட்டில் எங்கேயாவது ஓடினால் போதும் என்பது அதிலிருந்து எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஏன், எப்படி என்று கேட்காதீர்கள். பனையடிக்குளத்தில் யாரும் கேட்கவில்லை.

அவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்விகள் இருந்தன. ஊர்த்தலைவர் பிச்சைக்கண்ணு தலைமையில் முப்பிடாதி அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடி அவற்றை ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்தது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டலாமா என்றால், கட்டக்கூடாது, எழுந்த வேகத்தில் தடுக்கி விழுந்து மறுபடி போய்விட்டால் அதற்கு எந்த வாரம் ஒளிபரப்பு வரும்? தலைமாட்டில் விளக்கு வேண்டுமா என்றால், வேண்டாம், டி.வி. வெளிச்சமே போதும். பொம்பளைகள் பூவும் பொட்டும் வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம், ஆனால் மல்லிகை வேண்டாம், கனகாம்பரம் வைத்துக்கொள்ளட்டும். தீட்டு உண்டா என்பதில்தான் சண்டை நீண்டு, கடைசியில் டி.வி.யில் வருகிற சாவுக்குத் தீட்டு கிடையாது என்று முடிவாயிற்று. ரேஷன் கடை மெஷினில் பக்கத்து வீட்டுப் பேராச்சியின் புருஷனுக்கு உயிரோடு இருந்தவரைக்கும் ஒருநாளும் ரேகை விழுந்ததில்லை. செத்துக் கிடந்தவனைக் கட்டிலோடு தூக்கிப்போய் விரலை வைத்தால் முதல் அழுத்திலேயே விழுந்தது, அதிலிருந்து சர்க்கரை வாங்குகிறவர்கள் செத்த வாரமாகப் பார்த்து வாங்கினார்கள். நூறுநாள் வேலையில் மட்டும் மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவனுக்கு எப்படிங்க வருகை போடுவது என்று அவர் கேட்க, உயிரோடு வருகிறவனும் வேப்பமரத்தடியில் இதே மாதிரிதானே கிடக்கிறான் என்று ஊர் திருப்பிக் கேட்டது.

போகப்போக ஆண்பிள்ளைகளுக்குச் சாவு பிடித்துப்போயிற்று. செத்தவன் வீட்டுக்குப் பிரியாணி, பிழைத்தவனுக்குச் சாம்பார் சாதம் என்பது கம்பெனி வழக்கம். போதாததற்கு, செத்துக் கிடக்கிற வாரத்தில் விறகு பிளக்கவேண்டாம், மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போகவேண்டாம், பேச்சு வாங்கவேண்டாம். பேச்சு வாங்காதது மட்டுமா, பேராச்சி மாதிரிச் சில பெண்டாட்டிமார் தங்கள் பங்குக்கு நிம்மதியாக இருந்து பார்த்துவிட்டு, "போன வாரமும் உசிரோட வந்து நிக்காரு, வெக்கங்கெட்ட மனுசன்" என்று குழாயடியில் சலித்துக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள்.

உலகம்மை அப்படிச் சலித்துக்கொண்டதில்லை. கொம்பையா கட்டிலில் கிடக்கிற நாட்களில் அவளுக்கு வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது, சோறு இறங்கவில்லை. அத்தை மகன் என்று விரும்பிக் கட்டிக்கொண்டவள் அவள். கொம்பையாவும் பிரியாணிக்காகச் சாகிற ஆள் இல்லை. ரோஷக்காரன். யார் எதைச் சொன்னாலும் பொறுப்பான், தன்னைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் பொறுக்கமாட்டான். ஒரு கல்யாணவீட்டில் பாயசம் இலையைத் தாண்டி அவன் மடியில் ஓடினதைப் பார்த்துப் பந்தியே சிரித்ததற்காக, அன்றிலிருந்து அந்தத் தெருவையே மிதிக்காமல் வயல்வரப்பு வழியாகச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தான். சாகிறதானாலும் பார்க்கிறவன் மதிக்கிற மாதிரிச் சாகவேண்டும் என்பது அவன் கட்சி.

இப்படியே போயிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. போகவிட்டார்களா பாவிகள்! இணையத்தில் உட்கார்ந்திருக்கிற ஜனம் 'வெஞ்சினக் கோட்டை'யைக் கிழித்துத் தோரணம் கட்டியது. படை என்றால் அணிவகுத்து நிற்கவேண்டாமா, இரண்டு பக்கமும் கலைந்து ஓடி ஆளுக்கொரு ஜோடி பிடித்துக் கோலாட்டம் ஆடுகிறார்களே. கேடயத்தை ஒருத்தனாவது முகத்துக்கு நேரே பிடிக்கிறானா. இளவரசன் மட்டும் ஏன் தலைக்கவசம் போடாமல் முடியைப் பறக்கவிட்டுக்கொண்டு வருகிறான். குதிரைக்கு மூச்சு வாங்காதா. இரும்புச்சட்டையைக் கத்தி வாழைப்பழமாக வெட்டுகிறதே. என்னய்யா சண்டை இது, யதார்த்தமே இல்லையே! அப்படிக் கிழித்தவர்களில் முதல் ஆள் பிரணவ் என்கிற சென்னைப் பையன். புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து சண்டைக்காட்சிகளுக்கு மார்க் போடுவதே அவன் தொழில். சேனல்காரர்கள் பார்த்தார்கள், திட்டுகிறவனுக்கு வேலை கொடுத்துவிட்டால் திட்டு நின்றுபோகும் என்று, அவனையே யதார்த்த ஆலோசகர் ஆக்கிப் பனையடிக்குளத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

பிரணவ் வந்து இறங்கினான், குளத்தைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான். பழங்காலத்துச் சண்டை இவ்வளவு வெளிச்சத்தில் நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்றான். இருட்டும் மழையும் சகதியும் இருந்தால்தான் யதார்த்தம் என்று, டேங்கர் லாரிகளில் தண்ணீர் கொண்டுவந்து காய்ந்த குளத்துக்குள்ளே கொட்டச் சொன்னான். ஊர்ப் பொம்பளைகள் கரையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த யதார்த்தம் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பங்குனி வெயிலில் எல்லாருக்கும் கரடித்தோல் போர்த்திவிட்டான். பனிமூட்டத்துக்குப் புகை போட்டான், அந்தப் புகையில் இருமினவர்களை, பழங்காலத்து வீரர்கள் இருமமாட்டார்கள் என்று அதட்டினான். கடைசியாக, சாவதற்குப் பயிற்சி கொடுத்தான்: அடிபட்டதும் வானத்தைப் பார்க்கவேண்டும், வாயில் அடக்கிவைத்த சிவப்பு மருந்தைக் கொப்பளிக்கவேண்டும், ஒரு கையை நீட்டி எதையோ எட்டிப்பிடிக்கவேண்டும், நண்பன் பெயரையோ தாய்நாட்டின் பெயரையோ சொல்லவேண்டும், பிறகு விழவேண்டும். எல்லாரும் அப்படியே செத்தார்கள். கொம்பையா மட்டும் வேறு மாதிரிச் செத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒவ்வொரு வீடாக எழுந்தது. உலகம்மை டி.வி.யையும் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை முடிந்தது, இளவரசி அழுதாள், பாட்டு வந்தது, எழுத்து ஓடியது, சலவைத்தூள் விளம்பரமும் வந்துவிட்டது. கொம்பையா எழுந்திருக்கவில்லை. "அத்தான்" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். "அத்தான், முடிஞ்சிருச்சு, எந்திரிங்க." கரடித்தோல் கழுத்தோரத்தில் அரித்த தடிப்புகூட அப்படியே இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. 

இத்தனை நாள் இத்தனை சாவுகளை அலுங்காமல் சீரணித்த ஊருக்கு இந்த ஒரு சாவு தொண்டையில் நின்றது. பிச்சைக்கண்ணு மறுநாளே வந்துவிட்டார்.

"மருமவளே, டி.வி.யில வந்த சாவு வேற, வராத சாவு வேற. வந்ததுக்குத் தீட்டு இல்லன்னு ஊர்கூடிப் பேசி முடிச்சோம். வராததுக்கு உண்டுல்லா? செவ்வாக்கிழமைக்கு மறு செவ்வா அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டுதோம். அதுக்கு முன்னால ஒண்ணு அவன் எந்திரிக்கணும், இல்லன்னா எடுத்துரணும்."

"எடுத்துரணும்னா? உசிரோட இருக்க மனுசனயா மாமா?"

"உசிரோடன்னு நீ சொல்லுத. டி.வி.யில காட்டலையே."

அதற்கு மேல் அவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று உலகம்மைக்குப் புரிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்கிறவரைக்கும் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, பஸ் ஏறினாள்.

டவுனில் ஒரு கல்யாணமண்டபத்தை வாடகைக்கு எடுத்து யூனிட் தங்கியிருந்தது. மணமகள் அறையில்தான் எடிட்டிங். ஸ்டெல்லா என்கிற எடிட்டர் பொண்ணு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, பின்னால் டைரக்டர் மதனகோபாலும் பிரணவும் நின்றுகொண்டிருந்தார்கள். உலகம்மை விஷயத்தைச் சொன்னாள். இந்த ஊரில் செத்தவர்கள் ஒளிபரப்பானதும் எழுந்திருப்பது யூனிட்டுக்குப் பழகின சங்கதிதான். அதில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

"அந்த ஷாட்ட நான்தான்மா தூக்கச் சொன்னேன்" என்றான் பிரணவ். "ரொம்ப செயற்கையா இருந்துச்சு."

"என்ன தம்பி சொல்லுதிய? செத்தேபோயிட்டாரே!"

"அது சரி. ஆனா பாக்கறதுக்கு செத்த மாதிரி இல்லையே. ஸ்டெல்லா, போட்டுக் காட்டுங்க."

ஸ்டெல்லா போட்டாள். புகைக்கும் சகதிக்கும் நடுவில் எல்லாரும் வானத்தைப் பார்த்து, கையை நீட்டி, நாட்டின் பெயரைச் சொல்லிச் சொல்லி விழுந்துகொண்டிருந்தார்கள். கொம்பையாவுக்கு நெஞ்சில் ஈட்டி பட்டது. அவன் வானத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைத்துத் திரும்புகிறவன்போலக் கொஞ்சம் திரும்பினான், அங்கே யாருமில்லை, சரி என்று வேட்டியை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிக்கொண்டு சகதியில் மெதுவாக உட்கார்ந்தான், பக்கத்தில் கிடந்த எதிரிப்படைக்காரனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "உலகு, பால் பொங்கிரும், பாத்துக்க" என்றான். அவ்வளவுதான். தலை சாய்ந்துவிட்டது.

உலகம்மைக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வாரமாக அவன் சாவதைக் குதிரைவால் இடுக்கில் பார்த்தவள், இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். பாவிமனுசா, போகிற போக்கில்கூட வீட்டைத்தான் நினைத்தாயா என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 

பிரணவ்தான் முதலில் பேசினான். "பாத்தீங்களா? போர்க்களத்துல யாராவது பால் பொங்கறதப் பத்திப் பேசுவாங்களா?"

"அவரு பேசியிருக்காரே தம்பி. நெசமாத்தான செத்தாரு."

"அம்மா, நெசம் வேற, யதார்த்தம் வேற. நெசத்த அப்படியே காட்டினா ஜனங்க நம்ப மாட்டாங்க."

"நம்பாட்டாப் போறாவ. காட்டுனாப் போதும். எந்திரிச்சிருவாரு."

மதனகோபால் நல்ல மனுஷன், தலையைச் சொறிந்தார். "எனக்கும் மனசு கேக்கலம்மா. ஒண்ணு செய்யலாம். அவர நாளைக்கு வரச்சொல்லுங்க, இன்னொரு தடவ சரியா எடுத்துருவோம்."

"செத்தவர எப்படி சார் மறுபடி சாகச் சொல்ல?"

அதுவும் நியாயம்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். வேறு ஆளை வைத்து, முகம் தெரியாமல் எடுத்துவிடலாமே என்றான் பிரணவ். அப்படி எடுத்தால் அந்த வேறு ஆள் செத்து, அந்த வேறு ஆள்தானே எழுந்திருப்பான், அவன் பெண்டாட்டிக்கு அது உதவும், எனக்கு என்ன பிரயோஜனம் என்று உலகம்மை கேட்டாள். கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை, அந்தக் காட்சியைச் சேர்த்தால் தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று பிரணவ் சேனலுக்கே போனைப் போட்டுவிட்டான்.

அவள் மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டுகிற தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. சொல்லத்தான் கூச்சமா இருக்கு. நம்ம சேனல்லயே ஞாயித்துக்கெழம மத்தியானம் 'வயிறு குலுங்க'ன்னு ஒரு நிகழ்ச்சி. ஷூட்டிங்ல சொதப்பினதெல்லாம் போட்டு சிரிப்பாங்க. கெட்டுப்போன ஷாட் இருந்தா குடுங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க. டைரக்டர் வேண்டாம்னு சொல்ல மாட்டார். ஆனா, நாடே உங்க வீட்டுக்காரரப் பாத்து சிரிக்கும். பரவால்லையா?"

உலகம்மைக்கு அந்தக் கல்யாணவீட்டுப் பாயசம் நினைவுக்கு வந்தது. ஒரு பந்தி சிரித்ததற்கு ஒரு தெருவையே ஒதுக்கிவைத்தவன். நாடு சிரித்தால் எந்த வரப்பு வழியாக எங்கே போவான்? அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லலாம் என்றால் கேட்க முடியாத இடத்தில் கிடக்கிறான். சிரிப்புக்கு ஆளாக்கித்தான் என்னை எழுப்பினாயா என்று நாளைக்கு அவன் கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? மானத்தோடு சுடுகாட்டுக்கு அனுப்பிவிடலாமா?  மானமாவது மண்ணாங்கட்டியாவது, எனக்கு அவர் வேண்டும் என்று மனசுக்குள் கத்தினாள்.

"குடுத்துருங்க" என்றாள் வெளியே.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் ஊரே அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் பாடை கட்டித் தயாராகச் சாத்திவைத்திருந்தார்கள், மேளக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள், பிச்சைக்கண்ணு வெயில் சாய்கிறதா என்று வெளியேயும் நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதா என்று உள்ளேயுமாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் டி.வி.க்கு நேரே நெருக்கியடித்து உட்கார்ந்ததில் கட்டில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. உலகம்மை கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

கோட்டுப் போட்ட ஒருத்தனும் பளபளப்புச் சேலை கட்டின ஒருத்தியும் வந்து தாங்களே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். முதலில் இளவரசனின் டோப்பா காற்றில் பறந்துபோய்க் குதிரையின் முகத்தில் உட்கார்ந்தது. அடுத்து, துணி யானையின் முன்கால் இரண்டும் ஒரு திசைக்கும் பின்கால் இரண்டும் வேறு திசைக்கும் நடந்தன. ஊர் சிரித்தது. "அடுத்து வர்றார் நம்ம ஹீரோ, போர்க்களத்துல பால் காய்ச்சின மாவீரன்!" என்றான் கோட்டுக்காரன்.

கொம்பையா திரும்பினான், வேட்டியை ஒதுக்கினான், உட்கார்ந்தான், கையைப் பிடித்தான், சொன்னான், சாய்ந்தான். டி.வி.க்குள்ளே இருந்த கூட்டம் கெக்கலி கொட்டியது. திரும்ப மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள், சாய்கிற இடத்தில் குக்கர் விசில் சத்தத்தைச் சேர்த்து மறுபடியும் காட்டினார்கள். பக்கத்தில் கிடந்த அக்கினிபுரிக்காரன் வேறு யாருமல்ல, பேராச்சியின் புருஷன்தான்; தன் கையைத் தானே பார்த்து அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். பேராச்சிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "சவத்துப்பய, என்னா நடிப்பு நடிக்கான்!" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார் பிச்சைக்கண்ணு. பின்னால் செத்துக் கிடப்பது அதே கொம்பையா, அவன் அடக்கத்துக்குத்தான் கூடியிருக்கிறோம் என்பதெல்லாம் யாருக்கும் நினைவில்லை, மேளக்காரர்கள்கூட ஜன்னலில் தொற்றிக்கொண்டு சிரித்தார்கள்.

உலகம்மை மட்டும் டி.வி.யைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒருதடவை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறியது.

கொம்பையா எழுந்து உட்கார்ந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் முன்னால் முழுக்க முதுகுகள், எல்லா முதுகும் குலுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் குலுங்கலுக்கு மேலாக டி.வி.யில் தன் முகம் சாய்கிறதை, கடைசித் துணுக்கு மட்டும், அவனும் பார்த்துவிட்டான்.  உலகம்மை அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். சூடு திரும்பிக்கொண்டிருந்தது.

"நம்ம சீனுதானா?" என்றான் மெல்ல.

"ஆமா."

"நல்லா வந்திருந்துச்சா?"

 அவன் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள்.

"அம்புட்டு நல்லா வந்திருந்துச்சு அத்தான். ஒருத்தரும் நம்பல."